பூனையை உள்ளே விடலாமா?

நம் சங்கத்தின் பொங்கல் விருந்து முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். கரியாவில் குடியிருக்கும் ஓர் இளம் அன்பர் என்னை ஓரமாக அழைத்து, "சார், உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்" என்றார். வருமான வரி சமாச்சாரமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவனிடம் வேறு என்ன கேட்பார்கள்?

"ஒரு பூனை தினமும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து போகிறது சார். வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் என் மனைவி. அவள் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். விஷயம் தெரிந்து திருச்சியிலிருந்து மாமியார் தினம் இரண்டு வேளை போன் பண்ணி, பூனையை முதலில் விரட்டுங்கள் மாப்பிள்ளை என்கிறார். நீங்கள் பூனை வளர்க்கிறீர்களாமே, உள்ளே விடலாமா கூடாதா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்."

ஒரு வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நின்றுகொண்டே சொன்ன பதில் சரியில்லை என்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவரைப் போலவே மதில் மேல் நிற்பவர்கள் நம் சங்கக் குடும்பங்களில் இன்னும் சிலராவது இருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். பூனைதான் மதில் மேல் நிற்கும் என்பது நம் வழக்கு. நான் பார்த்த வரையில், எந்தப் பக்கம் சோறு இருக்கிறது என்பது பூனைக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் நிற்பது நாம்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூனையை உள்ளே விடுவதா வெளியே வைப்பதா என்பது இரண்டாவது கேள்வி. நாம் ஊருக்குப் போகும்போது அதற்கு யார் சோறு போடுவார்கள் என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லாதவர்கள் ஒரு கிண்ணம் பால்கூட வைக்காமல் இருப்பதே அந்த ஜீவனுக்குச் செய்யும் உதவி. கேட்பதற்குக் கல் நெஞ்சம் போலத் தோன்றும். இதை நான் கற்றுக்கொண்டது எப்படி என்று சொன்னால் அப்படித் தோன்றாது.

1988-ல் நான் மாற்றலாகி வந்தபோது இந்த ஊருக்குப் பெயர் கல்கத்தா. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிப் போர்ஷன் கிடைத்தது. வாழை இலை, முருங்கைக்காய், காப்பிப் பொடி எல்லாம் கூப்பிடு தூரம். அதே கூப்பிடு தூரத்தில் மீன் கடைகளும் இருந்தன. மீன் கடை இருக்கும் இடத்தில் பூனை இல்லாமல் போகுமா? 1996 ஜனவரியில், வெள்ளையும் சாம்பலுமாக ஒரு பெட்டைப் பூனை எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார ஆரம்பித்தது. மகளுக்கு அப்போது 7 வயது. தன் பங்குப் பாலில் பாதியை அதற்கு ஊற்றிவிட்டுக் காலி டம்ளரைக் கொண்டுவந்து காட்டுவாள்.

என் அம்மா அப்போது எங்களோடு இருந்தாள். பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவாள். இது தினமும் படியிலேயே உட்கார்ந்திருந்ததால் அம்மா கோயிலுக்குக் கிளம்ப அரை மணி நேரம் கூடுதலாக ஆயிற்று. "சனியனே, சனியனே" என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே தயிர் சாதத்தை மையப் பிசைந்து படியில் வைப்பாள். "வாயில்லா ஜீவன், என்ன செய்ய?"

மார்ச் மாதம் அது படிக்குக் கீழே பழைய சாக்குகளுக்கு நடுவில் மூன்று குட்டி போட்டது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாக்குப் பக்கமே கிடப்பாள். மே மாதம் பள்ளி விடுமுறை. திருநெல்வேலிக்கு டிக்கெட் எப்போதோ எடுத்தாயிற்று. மொத்தம் நாற்பது நாள் பயணம். கீழ்வீட்டாரிடம் சாவி கொடுத்தோம். தண்ணீர்க் குழாய், மின்சார பில், தபால்காரர் எல்லாம் சொன்னோம். துளசிச் செடிக்கு மறக்காமல் தண்ணீர் ஊற்றச் சொன்னோம். பூனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. தெருப் பூனைதானே, எப்படியோ பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்திருப்போம்.

ஜூன் கடைசியில் திரும்பி வந்தோம். துளசி தளதளவென்று இருந்தது. பூனை பத்து நாள் எங்கள் கதவண்டை வந்து கத்தியதாம். கீழ்வீட்டார் நாலைந்து நாள் ஏதோ போட்டிருக்கிறார்கள், பிறகு அவர்களும் பூரிக்குப் போய்விட்டார்கள். குட்டிகளில் இரண்டு செத்துக் கிடந்ததைப் பெருக்க வருகிறவர் எடுத்துப் போட்டிருக்கிறார். மூன்றாவது என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. தாயை நாங்கள் பிறகு பார்க்கவே இல்லை.

மகள் அழவில்லை. இரவு படுக்கும்போது கேட்டாள்: "துளசிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னீங்களேப்பா, பூனைக்கு ஏன் சொல்லலை?"

தெருப் பூனை ஒரு வீட்டை நம்பிப் பிழைப்பதில்லை. நாலு வீடு, ஒரு மீன் கடை, ஒரு குப்பைத்தொட்டி என்று ஒரு சுற்று வைத்திருக்கும். ஒரு வீட்டில் வயிறு நிறைய ஆரம்பித்தால் மற்ற இடங்களுக்குப் போவது குறையும், அந்த இடங்களை வேறு பூனைகள் பிடித்துக்கொள்ளும். வயிறு நிறைந்த பெட்டைப் பூனை குட்டியும் போடும். ஆக, நாங்கள் நாலு மாதம் போட்ட சோறு அதன் பிழைப்பைக் கெடுத்து, மூன்று வாயைச் சேர்த்து, பிறகு ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு போயிற்று. முதல் நாளே விரட்டியிருந்தால் அது வேறு படி பார்த்திருக்கும்.

நம் நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. ஒரு பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி நியாயமான காரணமின்றிக் கைவிடுவதும் அதில் குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஊருக்குப் போகிற வழியில் ரயிலில் இரண்டு காப்பிக்குக் கொடுக்கிற காசு. எங்கள் பூனை சட்டப்படி எங்களுடையதா என்று வக்கீல்கள் வாதாடலாம். என் மகளுக்கு அந்தச் சந்தேகம் இருந்ததில்லை.

அதன் பிறகு 27 வருடம் எங்கள் வீட்டில் பூனைப் பேச்சே கிடையாது.

இப்போது டாக்குரியாவில் முதல் மாடியில் இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அம்மாள், 78 வயது, தனியாக இருக்கிறார். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுவோம், என் மனைவியை அவர் பௌமா என்பார். 2023 மழைக்காலத்தில் மஞ்சள் வரி போட்ட ஒரு பூனை, தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஏறி எங்கள் பால்கனிக்கு வர ஆரம்பித்தது. நானும் மனைவியும் பேசிவைத்துக்கொண்டோம்: சோறு போடுவதில்லை, பெயர் வைப்பதில்லை, தடவிக் கொடுப்பதில்லை. மூன்று மாதம் அப்படியே இருந்தோம். அது வந்து உட்காரும், எங்களைப் பார்க்கும், போய்விடும்.

அந்த வருடம் தீபாவளி நாள். நமக்குக் காலையில் எண்ணெய் ஸ்நானத்தோடு தீபாவளி முடிந்துவிடும். இங்கே காளி பூஜை ராத்திரியில்தான் ஆரம்பம். வெடிச் சத்தம் தாங்காமல் பூனை பால்கனிக் கதவின் இடுக்கு வழியாக உள்ளே பாய்ந்து கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கியது. நான் துடைப்பத்தை எடுத்தேன். மனைவி வாங்கி மூலையில் சாத்திவிட்டு விளக்கை அணைத்தாள். மறுநாள் காலையில் ஒரு கிண்ணம் பால் வைத்தாள்.

அதிலும் ஒரு பாடம் கிடைத்தது. பூனை என்றால் பால் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். தெனாலிராமன் வீட்டுப் பூனை பாலைக் கண்டு ஓடியதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நாம். உண்மையில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் ஜீரணமாவதில்லை. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குட்டிப் பருவத்தோடு குறைந்துவிடுகிறது. அன்று பகல் முழுவதும் பால்கனியைக் கழுவியவன் நான்.

பிறகு இரண்டு மாதம் வீட்டில் விவாதம். மனைவி வைத்துக்கொள்ளலாம் என்ற பக்கம், நான் வேண்டாம் என்ற பக்கம். மாஷிமாவிடம் கேட்போம், வாடகை வீடாயிற்றே, அவர் வேண்டாம் என்றால் பிரச்சினை தீர்ந்தது என்று சொன்னேன். அவர் மறுப்பார் என்றுதான் எனக்கு உள்ளூர நம்பிக்கை.

மாஷிமா சிரித்தார். பூனை ஷஷ்டி தேவியின் வாகனமாம். வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கிற தெய்வம் ஷஷ்டி. ஜாமாய் ஷஷ்டி அன்று மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிறார்களே, அதே ஷஷ்டிதான். ஒரு வீட்டில் சின்ன மருமகள் படையலுக்கு வைத்ததை ரகசியமாகத் தின்றுவிட்டுப் பழியைப் பூனை மேல் போட்டாளாம். பூனை தேவியிடம் போய் முறையிட்டது. மருமகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடைசியில் அவள் உண்மையை ஒப்புக்கொண்டு பூனையிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே குழந்தைகள் திரும்பி வந்தார்கள். கதையைச் சொல்லிவிட்டு, "துரத்தக் கூடாது. ஆனால் என் சமையலறைக்குள் விடாதீர்கள்" என்றார்.

எங்கள் அம்மா வருடா வருடம் கந்த சஷ்டி விரதம் இருந்தவள். அதே சஷ்டித் திதி. நமக்கு மயில், இவர்களுக்குப் பூனை. அம்மா இருந்திருந்தால் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது சாப்பாடு. நாங்கள் சைவம். நம்மில் பல வீடுகள் அப்படித்தான். சைவ வீட்டில் பூனையும் தயிர் சாதம் சாப்பிட்டு வளரும் என்று நாம் பெருமையாகச் சொல்வதுண்டு. அது அன்போடு செய்கிற தப்பு. பூனைக்கு மாமிசம் விருப்பத்தின் பேரில் அல்ல, உடம்பின் அமைப்பிலேயே தேவை. டாரின் என்ற சத்து மாமிசத்திலும் மீனிலும்தான் இருக்கிறது, பருப்பிலும் சோற்றிலும் கிடையாது. அது போதாமல் போனால் பூனைக்குக் கண் பார்வை போகும், இதயம் பலவீனப்படும். தயிர் சாதப் பூனை வெளியே எலியும் பல்லியும் பிடித்துத்தான் உயிரோடு இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம், ரத்தத்தையே கெடுத்துவிடும். மிஞ்சிய சாம்பார் சாதத்தை வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாங்கள் கடையில் விற்கும் பூனைத் தீனிப் பொட்டலம் வாங்கி, பால்கனியில் செருப்பு ஸ்டாண்டின் மேல் தட்டில் வைத்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் மாஷிமா வீட்டில் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த மீன் வரும். அந்தக் கிண்ணத்தை மட்டும் மனைவி இரண்டு விரலால் பிடித்து வாங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே வைப்பாள். இதற்கு மேல் எங்களால் முடியாது. இந்த அளவுக்கும் முடியாத வீட்டில், அந்த வீட்டாரின் கொள்கையை நான் மதிக்கிறேன், ஆனால் பூனை அங்கே வேண்டாம்.

ஆபரேஷன் விஷயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. தெருப் பூனைக்குச் சோறு போடுகிறவர்கள் அதற்குக் கருத்தடை செய்தே தீர வேண்டும். பூனைக்குக் கர்ப்ப காலம் ஒன்பது வாரம்தான். பிறந்து நாலைந்து மாதத்திலேயே கருத்தரிக்கும். ஒரு ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்குச் சினையாகவும் கூடும். கணக்கன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வட்டியை எந்த வீட்டாலும் கட்ட முடியாது. "பாவம், அதன் இயற்கையைக் கெடுக்கலாமா" என்று கேட்பவர்களுக்கு, சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த இரண்டு குட்டிகளைத்தான் பதிலாகச் சொல்வேன்.

2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அதை மருத்துவரிடம் கொண்டுபோனோம். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் அடைக்கும்போது என் கையைப் பிராண்டிவிட்டது. தோல்தான் சிராய்ந்தது, ரத்தம் வரவில்லை. மஞ்சள் தடவிவிட்டு வேலையைப் பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. அது கூடாது. நாய்க்கடி மட்டும்தான் ஆபத்து என்பதும் தப்பு, பூனையாலும் வெறிநோய் வரும். வந்து அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. சோப்புப் போட்டு ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நாலு தடவை போய் ஊசி போட்டுக்கொண்டேன். பூனைக்கு அந்த வகையில் ஒரே ஊசி, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. வேறு தொற்று நோய்களுக்கான தடுப்பூசி தனி.

மருத்துவரின் உதவியாளர் தடுப்பூசி அட்டையை எடுத்து, "நாம் கீ?" என்று கேட்டார். என்ன பெயர் என்கிறார். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெயர் வைப்பதில்லை என்று பேசிவைத்திருந்தோம் அல்லவா? "மீனா" என்றாள் அவள், யோசிக்கவே இல்லை. எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தாளோ. வெளியே வந்ததும், "மீன்லயே கண்ணு, வேற என்ன பேர் வைக்க?" என்றாள்.

ஆபரேஷன் ஆன பூனையைத் தையல் ஆறும் வரை பத்து நாள் வெளியே விடக் கூடாது என்றார்கள். அதனால்தான் மீனா முதலில் வீட்டுக்குள் வந்தது. பதினோராம் நாள் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டோம். குழாய் வழியாக இறங்கிப் போயிற்று. மனைவி அன்று மத்தியானம் தூங்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து, நேரே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

நான் வேண்டாம் என்ற பக்கம் இருந்ததாகச் சொன்னேன். அதற்குக் காரணம் சாப்பாடும் இல்லை, ஊசியும் இல்லை. "இன்னைக்கோ நாளைக்கோ ஊருக்குப் போகப் போறோம், இந்த வயசுல இங்க எதுக்கு ஒரு பந்தம்?" என்பதுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தது. மனைவி ஒரு நாள் கேட்டாள்: "இதை எந்த வருஷத்துலேர்ந்து சொல்றீங்க?"

1988-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடத்தில் திரும்பி மாற்றல் வாங்கிவிடலாம் என்று வந்தவன். பிறகு மகள் படிப்பு முடியட்டும் என்றேன், பிறகு ரிடையர் ஆகட்டும் என்றேன். இத்தனை காலமும் ரயிலில் ஏற்ற முடியாத எதையும் நாங்கள் வாங்கியதில்லை. நல்ல மர பீரோ ஒன்று வாங்க வேண்டும் என்ற மனைவியின் ஆசை, போகிற காலத்தில் தூக்கிக்கொண்டு போக முடியாது என்ற ஒரே பதிலில் 35 வருடம் நின்றுவிட்டது. நம்மில் எத்தனை வீடுகளில் இதே பதில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாம் பூனைக்கு அரைச் சோறு போடுகிறோம், பக்கத்து வீட்டாரிடம் அரை நட்பு வைக்கிறோம். மே மாதம் வந்தால் பெட்டியைக் கட்டிவிடுகிறோம்.

பூனையும் ரயிலில் சுலபமாக ஏற்ற முடியாத சரக்குதான். விசாரித்தபோது, முதல் வகுப்பில் கூபே முழுவதையும் நாமே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் கூண்டில் போட வேண்டும் என்றார்கள். கூண்டில் ஒரு நாளுக்கு மேல் சென்னை வரை, அப்புறம் நெல்லை வரை என்றால் மீனா தாங்காது. வீட்டில் வளரும் பூனை 12, 15 வருடம் இருக்கும். எனக்கு வயது 64, மனைவிக்கு 60 என்று கூட்டிப் பார்த்தேன். கணக்கு எங்களுக்குச் சாதகமாக இல்லை. மனைவி பூனாவில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, எங்களுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் பூனையை எடுத்துக்கொள்வாயா என்று கேட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "துளசித் தொட்டியையும் சேர்த்து எடுத்துக்கறேன்னு அப்பாகிட்ட சொல்லு" என்றாள்.

ஊருக்குப் போவதை நிறுத்தவில்லை. 2024 மே மாதம் நாற்பது நாளுக்குப் பதில் பதினெட்டு நாளாகக் குறைத்துக்கொண்டோம். மாஷிமாவுக்கு மாடி ஏற முடியாது. அவர் வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் சாவி கொடுத்து, காலை மாலை வந்து போகப் பணமும் பேசிக் கொடுத்தோம். தீனி எவ்வளவு, தண்ணீர் எப்போது மாற்ற வேண்டும், மருத்துவர் எண் என்ன என்று மனைவி வங்காளத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். 35 வருடத்தில் அவள் வங்காள எழுத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதியது அதுதான் முதல் தடவை. துளசி கடைசி வரியில் இருந்தது.

இனி, கேள்வி கேட்ட கரியா அன்பருக்கு.

உங்கள் மாமியார் பயப்படுவது முழுக்க மூடநம்பிக்கை அல்ல. பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். கர்ப்பிணிக்கு அது புதிதாகத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். பூனையைப் பார்த்தாலோ அது குறுக்கே போனாலோ வராது. மலம் பட்ட மண், கழுவாத காய்கறி, சரியாக வேகாத மாமிசம் இவற்றின் வழியாகத்தான் வரும். ஏற்கெனவே வீட்டில் வளர்ந்த பூனையாக இருந்தால், மலத்தொட்டியைத் தினமும் நீங்கள் சுத்தம் செய்யுங்கள், மனைவி தொட வேண்டாம், அது போதும் என்று சொல்லியிருப்பேன். வெளியேறி ஒரு நாளாவது ஆன பிறகே அந்தக் கிருமிக்குத் தொற்றும் சக்தி வருகிறது. ஆனால் உங்களுடையது தெருவில் திரிகிற புதுப் பூனை. கர்ப்பமாக இருக்கும் சமயத்தில் அப்படி ஒன்றைப் புதிதாக வீட்டுக்குள் கொண்டுவருவது சரியில்லை. ஆகவே இப்போது உள்ளே விடாதீர்கள். உங்கள் மனைவி வருத்தப்படுவார், டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள். அவர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் செய்துகொள்ளுங்கள்.

அதற்காக விரட்டவும் வேண்டாம். சோறு போட ஆரம்பித்துவிட்டீர்களா என்று அன்று நான் கேட்க மறந்துவிட்டேன். ஆரம்பித்திருந்தால் நிறுத்தாதீர்கள். வெளியே ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நீங்களே போடுங்கள். பிரசவத்துக்குத் திருச்சி போகிற நாட்களுக்கு ஓர் ஆளை இப்போதே பேசி வையுங்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷன் ஆன பிறகு பத்து நாள் வைத்துக்கொள்ள இடம் வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை காலியாக இருக்கிறது. மீனா முதல் இரண்டு நாள் சீறும், பிறகு சரியாகிவிடும்.

கூடையும் என்னிடம் இருக்கிறது. ஏதாவது ஒரு சனிக்கிழமை காலை வாருங்கள், சேர்ந்தே போவோம். வரும்போது ஒரு தடித்த பழைய துண்டு எடுத்து வாருங்கள், அதைப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.